ஊக்குவிக்கப்பட்ட அவரைப் பந்தல்

லிஃப்ட்காரர் வேலையை விட்டதற்குச் சொன்ன காரணத்தைக் கம்பெனியில் ஒருவரும் நம்பவில்லை. அவரைக்காய் போடப் போவதாகச் சொன்னார். போட்டிக் கம்பெனி எதுவோ இழுத்துக்கொண்டு போகிறது என்று மேலாளர் நினைத்தார். உடம்புக்கு ஏதோ வந்திருக்கிறது, வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார் என்று கூட வேலை பார்த்தவர்கள் நினைத்தார்கள். பாதி வாழ்க்கையை அடுத்தவர் கட்டடங்களில் லிஃப்ட் ரிப்பேர் பார்த்து, இருட்டுக் குழிகளில், கையெல்லாம் கிரீஸோடு, இரும்புக் கயிற்றை அண்ணாந்து பார்த்தே கழித்த மனுஷன் அவர். வெயிலில் குனிந்து நின்று ஒரு வேலை செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவ்வளவுதான் விஷயம்.

அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை மடித்துக்கொண்டிருந்தவர். கணவர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது, "மேலயும் கீழயும் போய்ட்டு வந்தது போதும். ஒரு இடத்துல நில்லுங்க, நானும் கூட நிக்கிறேன்" என்று சொல்லித் தானும் வேலையை விட்டார்.

ஊருக்கு வெளியே, பஸ் டெப்போவையும் தாண்டி, ஒரு சின்ன ஓட்டு வீடும் ஒரு கிணறும் கொஞ்சம் நிலமும் வாங்கினார்கள். மனைவியின் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "நிலமா மச்சான் இது? கைக்குட்டை. அதுவும் ஓட்டைக் கைக்குட்டை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் வருஷம் மண் இவர்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. முள்ளங்கி சுண்டுவிரல் பருமனோடு நின்றுகொண்டது. தக்காளிச் செடிகள் பூத்துப் பூத்துக் கொட்டின. நத்தைகள் மட்டும் நல்ல விளைச்சல். ஆனால் இருவரும் விடுவதாக இல்லை. கல் பொறுக்கினார்கள், குப்பை மக்க வைத்தார்கள், கிணற்றைத் தூர்வாரினார்கள். கோழிகள் வந்தன. அடுத்த வருஷம் மண் கொஞ்சம் மனம் இளகியது. உருளைக்கிழங்கு பிடித்தது. அவரைப் பந்தல் ஏறியது. ஒருநாள் மத்தியானம் மனைவி சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, உப்பும் எண்ணெயும் தவிர இதுல கடைச் சாமான் எதுவும் இல்லங்க."

லிஃப்ட்காரர் தட்டைப் பார்த்தார். கிழங்கு, அவரை, தக்காளி, இரண்டு முட்டை. அழுகை வந்துவிடும் போலிருந்ததால் எழுந்து போய்க் கோழிகளைத் திட்டிவிட்டு வந்தார்.

சந்தோஷத்தை அடக்கத் தெரியாததுதான் அவர் செய்த தப்பு. சாயங்காலமே விதைக்கடைக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டார். கடைக்காரர் மனதாரச் சந்தோஷப்பட்டார். கடை வாசலில் நின்றிருந்த இன்னொருவரும் சந்தோஷப்பட்டார். அவர் 'சொந்த உணவு ஊக்குவிப்பு வாரியம்' என்ற ஒன்றில் வண்டி ஓட்டுகிறவர்.

அந்த வாரியத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் தனக்கு வேண்டிய உணவைத் தானே விளைவித்துக்கொள்ள வேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தோடு தொடங்கப்பட்டது அது. ஆறு மாடிக் கட்டடம், வரிசையாகக் கார்கள், ஆண்டு விழா, நின்றுகொண்டு பாட வேண்டிய ஒரு பாட்டு எல்லாம் அதற்கு இருந்தன. சொந்தமாக உணவு விளைவிக்கும் ஆள் ஒருவர்தான் இல்லை.

மறுநாள் காலையிலேயே ஊக்குவிப்பு அலுவலர் வந்து இறங்கினார். கூடவே ஒரு போட்டோக்காரர். அலுவலர் பாத்திக்கு நடுவில் நடந்து வந்து, நாற்றுகள் மேல் நின்று, லிஃப்ட்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நான் பல வருஷமா இந்தத் துறையில ஊக்குவிச்சுட்டு இருக்கேன் ஐயா. நூத்துக்கணக்கான குடும்பங்கள நானே நேர்ல ஊக்குவிச்சிருக்கேன். அதுல இப்ப ஒருத்தர் கூட விவசாயத்துல இல்ல. ஏன்னு நெனைக்கிறீங்க? மக்கள்கிட்ட உறுதி இல்ல. நீங்க எப்படித் தாக்குப்பிடிச்சீங்க?"

"எங்கள இதுவரைக்கும் யாரும் ஊக்குவிக்கல சார்" என்றார் லிஃப்ட்காரர். உண்மையைத்தான் சொன்னார். அலுவலர் அதைக் குறையாக எடுத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்க. இனிமே அந்தக் குறை இருக்காது."

மனைவி கதவருகே நின்றபடி, "எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க. இப்படியே இருந்துக்கிறோம்" என்று மெல்லச் சொன்னார்.

அலுவலர் சிரித்தார். "அம்மா, ஊக்குவிக்கப்படணும்னு யாருக்கும் கட்டாயம் இல்ல. ஆனா ஊக்குவிக்கப்படாம விளைவிச்சா, அது தானா விளைஞ்சதாயிடும். தானா விளையிறதுக்கு வாரியம் பொறுப்பேத்துக்க முடியாது. நாளைக்கு யாராவது வந்து, இது களைன்னு சொல்லி எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டா நான் வந்து நிக்க முடியுமா, சொல்லுங்க?"

மிரட்டலா அக்கறையா என்று கணவனுக்கும் மனைவிக்கும் விளங்கவில்லை. விளங்காத விஷயத்துக்குத் தலையாட்டி வைப்பது இருவருக்கும் பழக்கம். ஆட்டினார்கள்.

அந்த வாரமே போர்டு வந்தது. லாரியில் வந்தது. 'முன்மாதிரிச் சொந்த உணவுக் குடும்பம்' என்று எழுதியிருந்தது. ஒரு பெரிய தக்காளிப் படத்துக்குப் பக்கத்தில் வாரியத் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். தக்காளியை விடத் தலைவர் பெரியவர். சிமென்ட் போட்டு நட்டார்கள். நட்ட பிறகுதான் தெரிந்தது, வெயில் வரும் பக்கத்தை அது மொத்தமாக மறைக்கிறது என்று. காலையிலிருந்து மூன்று மணி வரைக்கும் தலைவரின் நிழல் அவரைப் பந்தலை விட்டு நகரவில்லை.

லிஃப்ட்காரர் அலுவலருக்குப் போன் செய்தார். "சார், போர்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வைக்க முடியுமா? அவரைக்கு வெயில் படல."

"போர்டு எங்க இருக்கணும்ங்கிறத ரோடு முடிவு பண்ணுது ஐயா. அவரை எங்க இருக்கணும்ங்கிறத நீங்கதான் முடிவு பண்றீங்க. சுதந்திரம் உங்ககிட்டதான் இருக்கு. அதை நல்லபடியா பயன்படுத்துங்க."

பந்தல் மஞ்சளாகத் தொடங்கியது. அதற்கு என்ன வைத்தியம் என்று யோசிப்பதற்குள் பயிற்சிக்கு வரச் சொல்லி ஆள் வந்துவிட்டது. விதைக்கிற காலம். போகாமல் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மனைவியைத் தனியாக விட்டுவிட்டு லிஃப்ட்காரர் நகரத்துக்குப் பஸ் ஏறினார்.

ஆறாம் மாடியில் குளிரூட்டிய கூடம். ஜன்னல்களுக்குக் கனமான திரை. மேசை மேல் பிளாஸ்டிக் பூந்தொட்டி. பயிற்சியாளர் முதல் பாடத்தைத் தொடங்கினார்: "சொந்த நிலத்துல விளைவிக்கிறவர் செய்யவே கூடாத தப்பு ஒண்ணு இருக்கு. விதைக்கிற நேரத்துல நிலத்தை விட்டு வெளியூர் போறது. போனீங்கன்னா அந்த வருஷம் போச்சு. இதை ஆழமா மனசுல பதிய வைக்கணும்ங்கிறதுக்காகத்தான் விதைக்கிற நேரத்துலயே இந்தப் பயிற்சிய வச்சிருக்கோம்."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எல்லோரும் என்றால் வாரியத்தின் ஊழியர்கள். வெளியிலிருந்து வந்தவர் லிஃப்ட்காரர் ஒருவர்தான். மதியம் உறையிட்ட ரொட்டி கொடுத்தார்கள். அது எங்கே விளைந்தது என்று கேட்டதற்கு, கேன்டீனில் என்றார்கள்.

மூன்றாம் நாள் கட்டடத்தில் ஒரே களேபரம். தலைவர் ஏறி வந்த லிஃப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளேயிருந்து தலைவரின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே அதிகாரிகள் கதவைப் பார்த்து வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனி ஆள் வர மாலையாகும் என்றார்கள். லிஃப்ட்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை. மேலே போய், மோட்டாரைக் கையால் திருகி, பெட்டியை ஐந்தாம் மாடிக்கு ஏற்றிக் கதவைத் திறந்துவிட்டார். பழைய புத்தி. வேறொன்றுமில்லை.

தலைவர் வியர்த்து வழிந்து வெளியே வந்தார். "யாருப்பா நீ?"

அலுவலர் முந்திக்கொண்டார். "நம்ம முன்மாதிரிக் குடும்பத் தலைவர் ஐயா. நான்தான் ஊக்குவிச்சேன்."

தலைவர் லிஃப்ட்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "உன் நெலத்தை நான் என் கண்ணால பாக்கணும். நானே வரேன்."

லிஃப்ட்காரர் தலையாட்டி வைத்தார்.

ஊருக்குத் திரும்பியபோது வாசலில் மனைவி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். முன்மாதிரியைப் பார்க்க வாரியம் இரண்டு பஸ் நிறைய ஆட்களை அனுப்பியிருந்தது.

"தக்காளியப் பாக்கணும்னாங்க. காட்டினேன். பாத்தாங்க. போறப்ப கூடவே கூட்டிட்டுப் போய்ட்டாங்க" என்றார் மனைவி. "ஒருத்தர் கோழிய மடியில வச்சு போட்டோ எடுத்தாரு. அதுலேருந்து அது முட்டை போடல. பேய் அறைஞ்ச மாதிரி மூலையில உக்காந்திருக்கு."

"சரி விடு. திரும்ப நட்டுக்கலாம்" என்றார் லிஃப்ட்காரர். அதைச் சொல்லும்போது அவருக்கே தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

தலைவர் வருவதற்கு முந்தின வாரம் அலுவலர் சுற்றிப் பார்க்க வந்தார். செடிகளைப் பார்த்ததும் அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

"என்னங்க ஐயா, ஒரு செடியிலயும் காயே காணோம்?"

"பூ விட்டிருக்கு சார். காய் பிடிக்க இன்னும் ஒரு மாசம் ஆகும்."

"தலைவரோட தேதிய மாத்த முடியாது. காயோட தேதிய மாத்துங்க."

"அது என் கையில இல்லீங்களே."

"இதைத்தான் நான் உறுதி இல்லன்னு சொல்றேன்" என்றார் அலுவலர் வருத்தத்தோடு.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மேடைக்குச் சமதளமான இடம் வேண்டியிருந்தது. அங்கே இருந்ததிலேயே சமதளமான இடம் உருளைக்கிழங்குப் பாத்திதான். கம்பு நட்டு, பலகை அடித்து, சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். மக்குக்குழியில் வாடை வருகிறது என்று ஜல்லி கொட்டி மூடிக் கார் நிறுத்த வசதி செய்தார்கள். கிணறு ஆபத்தானது என்று பலகையால் மூடி, மேலே பூச்சாடி வைத்தார்கள். இவர்களுடைய கோழிகள் ஆளுக்கொரு நிறமாக ஒழுங்கில்லாமல் இருந்ததால் அவற்றைக் குளியலறையில் அடைத்துவிட்டு, பண்ணையிலிருந்து ஒரே வெள்ளையாகக் கோழிகளை இறக்கினார்கள். விழாவன்று விடியும் முன்பே சந்தையிலிருந்து கூடை கூடையாகக் காய்கறி வந்தது. வாரிய ஊழியர்கள் நூல்கண்டோடு உட்கார்ந்து செடிக்குச் செடி காய் கட்டினார்கள். எந்தச் செடியில் எந்தக் காய் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க மனைவி முயன்றார். நேரமில்லை என்று விரட்டிவிட்டார்கள்.

தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"எனக்கு மண்ணுன்னா உயிர். அது வீணாகக் கூடாதுன்னுதான் என் வீட்டைச் சுத்தி ஒரு அங்குலம் விடாம டைல்ஸ் போட்டு மூடிப் பத்திரமா வச்சிருக்கேன். (கைதட்டல்.) மக்கள் கடையில வாங்குற பழக்கத்தை விடணும். நான் விட்டு இருபது வருஷமாச்சு. எதா இருந்தாலும் வீட்டுக்கே கொண்டாந்து குடுத்துடறாங்க. (பலத்த கைதட்டல்.) ஒரு ஏழை தன் கையால ஒரு கத்தரிக்காயப் பறிக்கிறப்ப அவன் முகத்துல வர்ற சந்தோஷம் இருக்கே, அதைப் பாக்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன். எங்க, பறிச்சுக் காட்டு."

லிஃப்ட்காரரைக் கத்தரிச் செடிக்கு முன்னால் கொண்டு போய் நிறுத்தினார்கள். செடியில் மூன்று ஆப்பிள்கள் தொங்கின. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். தலைவர் பொறுமையிழந்து தானே ஒன்றைப் பறித்தார். அதில் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அலுவலரின் காது சிவந்தது.

தலைவர் ஆப்பிளைத் தூக்கிப் பிடித்தார். "பாத்தீங்களா! இதுதான் வளர்ச்சி. நம்ம ஆளு ஸ்டிக்கரோடவே வெளைய வச்சிருக்கான்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. நிலத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்து, "எப்படி இருக்கு பாருங்கய்யா! இது இப்படியே இருக்கணும். ஒரு இலை கூட அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

வாய் நிறைந்த பாராட்டாக அவர் சொன்னது வாரியத்தில் உத்தரவாகிவிட்டது. மறுநாளே நிலத்தைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. காவலுக்கு ஒருவர் விசிலோடு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். விதைக்கக் கூடாது, கொத்தக் கூடாது, பறிக்கக் கூடாது. தலைவர் பார்த்தது பார்த்தபடி இருக்க வேண்டும்.

"தண்ணியாவது ஊத்திக்கிறேன் சார்" என்று லிஃப்ட்காரர் கெஞ்சினார். "இல்லன்னா செத்துடும்."

"ஊத்தினா வளந்துடுமே ஐயா" என்றார் அலுவலர். "அதுதான் எங்களுக்குப் பயம்."

செடிகள் காய்ந்தன. கட்டிய காய்கள் அழுகி நூலில் தொங்கின. வாரியம் சும்மா இருக்கவில்லை. அவற்றை எடுத்துவிட்டு, எப்போதும் வாடாத பிளாஸ்டிக் செடிகளை நட்டது. பார்வைக்கு முன்பைவிடப் பச்சையாகவே இருந்தது.

வாடகைக்கு எடுத்த மேடையைப் பிரித்துக்கொண்டு போன அன்று காவலர் சாப்பிடப் போயிருந்த நேரம். மனைவி கம்பிக்குள் நுழைந்து, இறுகிக் கிடந்த பாத்தியை வெறும் விரலால் தோண்டினார். நசுங்கிப் போனவற்றுக்கு நடுவில் நாலைந்து கிழங்குகள் தப்பியிருந்தன. மடியில் மறைத்து எடுத்து வந்து, அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு வேகவைத்தார். இருவரும் சத்தமில்லாமல் தோலுரித்துத் தின்றார்கள்.

"சொந்த வீட்டுல சொந்தக் கிழங்கத் திருடித் திங்கிறது நாமளாத்தான் இருக்கும்" என்றார் மனைவி. சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் மண் அப்பிய நகங்களைப் பார்த்துக்கொண்டே அழுதார். லிஃப்ட்காரர் அந்த விரல்களைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

மாதம் திரும்புவதற்குள் மனைவி சலவைக்கூடத்துக்கே போனார். லிஃப்ட்காரரைப் பழைய கம்பெனி திரும்ப எடுத்துக்கொண்டது. அவரைக்காய் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்கள். வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்று கூடப் பார்த்தார்கள். முன்மாதிரியை யாரும் வாங்கக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வாரியம் கொடுத்த பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பார்வையாளர்களுக்கு முன்னால் நிற்பதும் லிஃப்ட்காரரின் பொறுப்பாகிவிட்டது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும் வந்தார்கள். மற்றவர்கள் பிளாஸ்டிக் தக்காளியோடு படம் எடுத்துக்கொண்டிருக்க, இவர்கள் மட்டும் லிஃப்ட்காரரைத் தேடி வந்தார்கள். டிரைவரின் மனைவிக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

"அண்ணே, நாங்களும் கொஞ்சம் எடம் வாங்கிப் போட்டிருக்கோம். இப்பத்தான் அவரை பூ எடுத்திருக்கு."

லிஃப்ட்காரருக்குப் பகீரென்றது. அலுவலர் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். இவர் குரலைத் தாழ்த்தி, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. அண்ணன் காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்னு வச்சுக்கங்க" என்றார்.

அலுவலருக்குப் பாம்புக் காது. "என்ன சொல்றார் நம்ம ஐயா?"

கள்ளம் தெரியாத டிரைவர், "யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு சொல்றாருங்க" என்றார்.

"பாத்தீங்களா தன்னடக்கத்த!" என்று சிரித்த அலுவலர், டிரைவரின் தோளில் கைபோட்டுக்கொண்டார். "எதைச் சொல்ல வேணாம்னார்? உங்களுக்கும் நெலம் இருக்கா? எங்க இருக்கு?"

டிரைவர் பெருமையோடு வழி சொன்னார். அலுவலர் போனை எடுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார். ரோடு எந்தப் பக்கம் வருகிறது என்று அவர் யாரிடமோ கேட்பது இங்கே வரைக்கும் கேட்டது.

டிரைவரின் மனைவிக்கு இது எதுவும் தெரியவில்லை. "அண்ணே, பந்தல் எவ்வளவு ஒசரம் போடணும்? எங்களோடது தாழ்வா இருக்கோன்னு சந்தேகம்."

லிஃப்ட்காரர் சொல்லாமல் இருந்திருக்கலாம். இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அவருக்குத் தெரியும். ஆனால் இத்தனை நாளில் அவரிடம் ஒருவர் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது. சொன்னார். கம்பு எது நிற்கும், எது மக்கும், கொடியை எந்தக் கணுவில் கட்டினால் நோகாது, பூ உதிர்ந்தால் பயப்படக் கூடாது என்றெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் முகமும் மாறியது. "ஒசரம் ரொம்ப வேணாம்மா. நின்னுகிட்டு பறிக்கக் கை எட்டணும். இவ்வளவு போதும்" என்று வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்துச் சொடுக்கிவிட்டார்.

படம் நன்றாக விழுந்திருந்தது. இப்போது வாரியத்தின் வரவேற்பறையில் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். 'ஊக்குவிப்புக்குப் பிறகு விளைச்சல் எவ்வளவு உயர்ந்தது என்று காட்டுகிறார்' என்று கீழே எழுதியிருக்கிறது.